அண்ணி வந்த வியாழக்கிழமை

வீட்டில் அவளைச் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். மனநல ஆலோசனை மையம் ஒன்றில் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது என்று அவள் சொன்னதும் அப்பா சிரித்துவிட்டார். "நம்ம வீட்டு வாயாடி வாயை மூடிக்கிட்டு உட்காரக் கத்துக்கப் போறாளா? நடக்கட்டும், நடக்கட்டும்." அண்ணன் இறந்த பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

அண்ணனுக்கு மாரடைப்பு. சாகிற வயதே இல்லை. எல்லாரும் மாரில் அடித்துக்கொண்டு அழுதபோது அண்ணி மட்டும் அழவில்லை. காரியமெல்லாம் முடிந்ததும் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். "ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டாளா அவ?" என்று அம்மா தினமும் ஆரம்பிப்பாள். அண்ணியைத் திட்டும்போதுதான் அம்மாவால் கொஞ்சம் மூச்சுவிட முடிந்தது. சின்னவளும் மறுத்துப் பேசியதில்லை. அவளுக்கும் உள்ளூர அந்தக் கோபம் இருந்தது.

மையம் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது. இரண்டு அறை, ஒரு நடை, அவ்வளவுதான். ஆலோசகர் மேடம் முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்: "டிஷ்யூவை எடுத்து நீட்டாதே. நீட்டினா அழுகையை நிறுத்தச் சொல்ற மாதிரி ஆயிடும். கைக்கு எட்டுற தூரத்துல வை, போதும்." அறைக்கதவுக்கு வெளியே ஒரு பழைய மேசை விசிறி எந்நேரமும் இரைந்துகொண்டிருக்கும். உள்ளே பேசுவது வெளியே கேட்டுவிடக் கூடாது என்பதற்காக.

முதல் வியாழக்கிழமை, பின்னறையில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பியவள், மேடத்தின் அறைக்குள் நுழைகிற முதுகைப் பார்த்தாள். அண்ணி. கதவு சாத்திக்கொண்டது. படியிறங்கி வெளியே போய்விடலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. விசிறி நின்றது.

"எல்லாரும் அழுதாங்க மேடம்," அண்ணியின் குரல். "ஆம்புலன்ஸுக்கு யாராவது பேசணும்ல? அவர் ஆபீஸுக்குச் சொல்லணும்ல? நான் போன் பண்ணிக்கிட்டே இருந்தேன். திரும்பிப் பார்த்தா எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. அதுக்கப்புறம் அழ எனக்கு இடமே கிடைக்கல."

பிறகு வந்தது பேச்சில்லை. ஓலம். சின்னவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

வெளியே வந்த அண்ணி அவளைப் பார்த்து அப்படியே நின்றாள். முகம் வெளிறிப்போனது. படியிறங்கிப் போய்விட்டாள்.

சின்னவள் உடனே மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். "சொன்னது நல்லது. இனி வியாழக்கிழமை நீ வரவேண்டாம்," என்றார் மேடம். ஆனால் அடுத்த வாரம் அண்ணி வரவில்லை. வேறு இடம் பார்த்துக்கொள்வதாகப் போனில் சொன்னாளாம்.

"பார்ப்பாங்களா மேடம்?"

மேடம் நோட்டில் வியாழக்கிழமைப் பக்கத்தைத் திறந்து அண்ணியின் பெயரை அடித்தார்.

"நான் நின்னுக்கறேன் மேடம். நான் போயிட்டேன்னு அவங்களுக்குச் சொல்லிடுங்க."

ஊரின் மறுகோடியில், இரண்டு பஸ் மாறிப் போகிற ஒரு ஆஸ்பத்திரியில் மேடமே அவளுக்கு வேறு இடம் வாங்கிக்கொடுத்தார். வீட்டில் காரணம் சொல்ல முடியவில்லை. "ஒரு இடத்துல உருப்படியா இருந்திருக்கியா நீ?" என்று அம்மா வாய்க்கு வந்தபடி ஏசினாள். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

சில வாரம் கழித்து, அண்ணனின் சான்றிதழ்களை வாங்கிப்போக அண்ணி வந்தாள். அம்மா அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. சின்னவள்தான் வாசல்வரை கூடப் போனாள்.

"அங்க விட்டுட்டியாமே?"

"தூரமா இருந்துச்சு அண்ணி."

அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு, நிமிராமலே கேட்டாள். "அன்னிக்கு... உனக்கு ஏதாவது கேட்டுச்சா?"

"ஒண்ணும் கேக்கல அண்ணி."

அண்ணி தலையாட்டினாள். கண் நிறைந்து வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. அவளைக் கட்டிக்கொண்டு அழவேண்டும்போலிருந்தது சின்னவளுக்கு. அழுதால் கேட்டது தெரிந்துவிடும். வெளிக்கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

உள்ளே வந்தபோது அம்மா ஆரம்பித்திருந்தாள். "பார்த்தியா, மூஞ்சியில ஏதாவது—"

"அம்மா, அண்ணியைப் பத்தி இனிமே என்கிட்ட எதுவும் பேசாதே."

"ஏண்டி?"

"பேசாதேன்னா பேசாதே."

சின்னவள் குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு, குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள்.