அனுப்பிரியா நீக்கிய வரி

நொய்டாவிலிருந்து வந்த மின்னஞ்சல் மிரட்டியது. இன்று மாலைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வேலை வேறொருவருக்கு.

சம்மதித்தால்? புது மணப்பெண் அனுப்பிரியா, பாலக்காட்டு எல்லையோர எருத்தேன்பதித் தென்னந்தோப்பையும் அதைவிட்டு நகர முடியாத கணவன் அருள்குமாரையும் விட்டுவிட்டு வடக்கே ரயிலேற வேண்டும்.

"பக்கத்துல ஒரே ஒரு வேலை கிடைக்கட்டும், நொய்டாவுக்குப் பெரிய கும்பிடு போட்டுருவேன்" என்று மடிக்கணினியைத் திறந்தாள்.

தோப்பில் தண்ணீர் திருப்பிவிட்டு ஈரக் காலோடு வந்த அருள் எட்டிப் பார்த்தான். "அத்தனை வேலைத் தளத்தையும் எப்பப் பாத்து முடிப்பே, புள்ள?"

"நான் ஏன் பாக்கணும்? இது பாக்கும்!"

யாரோ புண்ணியவான் எழுதி இலவசமாக விட்டிருந்த கோட் லைப்ரரி அது. கொஞ்சம் பைதான் நிரல் எழுதிக் கொடுத்தால் போதும். பல வேலைத் தளங்களுக்குள் ஒரே சமயத்தில் புகுந்து, விளம்பரங்களை அள்ளிவந்து அட்டவணையாகக் கொட்டிவிடும்.

இடம், பாலக்காடு சுற்றுவட்டாரம். வேலை, பைதான். என்டர்!

சரசரவென்று வரிகள் ஓடின. நின்றன. கிடைத்தது ஒரு கைப்பிடி. அத்தனையும் அனுபவம் கேட்டன.

சுற்றளவைக் கூட்டினாள். மறுபடி என்டரில் விரல் வைத்தாள்.

மின்விசிறி நின்றது. மோடத்தின் பச்சை விளக்கு செத்தது.

"போச்சு!" அருள் வாசலுக்கு ஓடினான். "அனு, நம்ம தோப்பு மட்டைதான் லைன்ல தொங்குது!"

அனுப்பிரியா அதற்குள் போனில் மின்வாரிய அலுவலகத்தைப் பிடித்து மலையாளத்தில் பொழிந்துகொண்டிருந்தாள். "சேட்டா, எருத்தேன்பதியில்நிந்நாணு. லைனில் ஓல வீணு. ஒந்நு வேகம் வரணே!" வழி சொன்னாள், கம்பத்தைச் சொன்னாள், லைன்மேனைச் சிரிக்கவும் வைத்தாள்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மாமியார் மருதாத்தாள் வாயில் கை வைத்தாள். "ஏஞ்சாமி, நம்மூட்டு மருமகளா இவ? ஒத்தப்பாலத்துக்காரியாட்டப் பேசறா!"

லைன்மேன் பைக்கில் பறந்து வந்தார். மட்டை கீழே விழுந்தது. மின்விசிறி சுழன்றது. அருள் திரையில் ஒரு வரியைத் தொட்டான்.

"இதென்ன, மலையாளம்னு போட்டிருக்குது?"

"விளம்பரத்துல அந்தப் பேரு இருந்தா, அதைக் காட்டாம கழிச்சிரும். நான் எங்கூரு சாந்தன்பாறையில தமிழ் மீடியம்ங்க, மலையாளம் எழுத வராது. மலையாளத்துல எந்த நோட்டீஸ் வந்தாலும் எங்களுக்கில்லன்னு தள்ளியே பழக்கம்."

"எழுதத்தானே வராது? லைன்மேன்கிட்ட இப்பப் பேசுனது யாரு, உங்கப்பனா?"

அனுப்பிரியா அந்த வரியை ஒரே அடியில் அழித்தாள். என்டர்!

முதல் வரிசையிலேயே குதித்தது. கஞ்சிக்கோடு. விவசாயிகளுக்கு மென்பொருள் செய்யும் சின்ன நிறுவனம். புதியவர்கள் வரலாம். பைதான் வேண்டும். தமிழும் மலையாளமும் பேச வேண்டும். நேர்காணல், இன்றே!

"வண்டிய எடுங்க!"

கொழிஞ்சாம்பாறை கடந்தது தெரியவில்லை. கஞ்சிக்கோட்டில் மாடிப்படிகளைத் தாவி ஏறினாள்.

நேர்காணல் எடுத்தவள் ஜிஜி, அங்கே திட்டத் தலைவி. "எனக்கு மலையாளம் எழுத வராது" என்று அனுப்பிரியா முதலிலேயே போட்டு உடைத்தாள். ஜிஜி தொலைபேசியை நீட்டினாள். மறுமுனையில் ஒரு கொல்லங்கோடு விவசாயி, அவர்களுடைய செயலி தன் வயலைக் கிணறு என்று காட்டுவதாகத் தமிழில் பொரிந்து தள்ளினார். அனுப்பிரியா அவரை ஆற்றினாள். சிக்கலை ஜிஜிக்கு மலையாளத்தில் விளக்கினாள். கோடில் எங்கே கைவைக்க வேண்டும் என்பதையும் காட்டினாள்.

"நந்நாயி" என்று பாராட்டினாள் ஜிஜி. "முடிவை முதலாளி நாளைக்குச் சொல்லுவார்."

நாளைக்கா!

கீழே வந்து சொன்னதும் அருள், "இப்போதைக்கு நொய்டாவுக்குச் சரின்னு போட்டு வையி. அப்பறம் பாத்துக்கலாம்" என்றான்.

"வேற ஒருத்தருக்குப் போக வேண்டிய வேலைங்க அது. பொய்யாப் பிடிச்சு வைக்க மாட்டேன்."

விறுவிறுவென்று மறுபடி ஏறினாள். மூச்சு வாங்க ஜிஜி முன்னால் நின்றாள். நொய்டா மின்னஞ்சலை அப்படியே காட்டினாள். "மேடம், எனக்கு இங்கதான் வேணும். ஆனா இன்னைக்கே தெரியணும்."

ஜிஜி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். முதலாளியை அழைத்தாள். பேசி முடித்த ஜிஜி கேட்டது ஒன்றுதான்.

"திங்கட்கிழமை வர முடியுமா?"

நியமன மின்னஞ்சல் வந்து விழுந்த கையோடு, 'மன்னிக்கவும், நன்றி' என்று நொய்டாவுக்குப் பறந்தது பதில்.

தடதடவென்று அவள் இறங்கிவந்த வேகத்திலேயே அருளுக்குப் புரிந்துவிட்டது. போனில் கத்தினான். "அம்மோவ்! கஞ்சிக்கோட்டுலயே கிடைச்சிருச்சு!"

"அப்பச் சாய்ங்காலம் ஊட்டுக்கு வந்துருவாளா?" என்றாள் மருதாத்தாள்.

"தினமும் வந்துருவா!"

"அதச் சொல்லு மொதல்ல!"