உச்சியில் மரம் நிற்கும் கோபுரம்

"ஆன்ட்டி, அம்மா பேர எடுத்துட்டு என் பேரப் போடச் சொல்லுங்க. நான் வரேன்."

பெட்டியின் கால்மாட்டில் நின்றுதான் ஷர்மினி அதைச் சொன்னாள். பெட்டிக்குள் அம்மா செல்வராணி, பச்சைப் பட்டில். கையில் மல்லிகைச் சரத்தோடு வந்த புஷ்பவள்ளி ஆன்ட்டி, போடவும் இல்லாமல் வைக்கவும் இல்லாமல் அப்படியே நின்றாள்.

காலையில்தான் பெரியம்மா வெள்ளையம்மா ஷர்மினியைச் சமையலறைக்குள் இழுத்துப்போய் எச்சரித்திருந்தாள். பதினாறு கழியும்வரை இந்த வீட்டில் யாரும் பயணம் என்று வாயைத் திறக்கக்கூடாது. பிரேதம் கிடக்கும்போது பேச்சே கூடாது.

"எங்கடி வர்ற?"

"இத்தாலிக்கு, பெரியம்மா. அம்மா போக இருந்த டூர்."

அம்மா, புஷ்பவள்ளி ஆன்ட்டி உட்பட, பிஸ்கட் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் ஒரே வரிசையில் நின்ற ஐந்து பெண்கள், இந்த வருஷம் ஓய்வு பெற்றவர்கள். லூக்கா என்ற பழைய ஊரில் எட்டு நாள், அவசரமில்லாமல் நடக்க. ஐந்து பேருக்கும் சேர்த்து ஆறு முட்டிதான் உருப்படி என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள். நேற்றுக் காலை துணி காயப்போடும்போது விழுந்தவள், ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. பன்னிரண்டாம் நாள் விமானம். பேர் மாற்றுவதானால் இன்று ஐந்து மணிக்குள் டூர் கடைக்கு நேரில் போய்க் கையெழுத்துப் போடவேண்டும். போனால், பதினாறாம் நாள் காரியத்துக்கு மகள் இருக்கமாட்டாள்.

"யூனிவர்சிட்டில இதான் சொல்லிக் குடுத்தாங்களா?" என்றார் குணாளன் மாமா. "அம்மாவ இன்னும் தூக்கல, இதுக்கு ஹாலிடே கேக்குது."

"அங்க கேக்கத்தான் சொல்லிக் குடுத்தாங்க மாமா."

"அலமாக், வாயப் பாரு!"

மாமாமேல் வந்த கோபத்தில் பாதி அவள்மேலேயே வந்தது. மூன்று மாசத்துக்கு முன் அம்மா ஊர் பேரைச் சொன்னபோது, "அங்க என்னம்மா இருக்கு? பேங்காக் போங்களேன்" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்தவள் அவள். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

"ஆன்ட்டி, ஏன் அந்த ஊரு?"

புஷ்பவள்ளி சரத்தை மெதுவாகப் பெட்டிக்குள் வைத்தாள்.

"டின்னுல ஒட்டுற லேபிள்ல ஒரு படம்லா. பழைய கோபுரம், உச்சில மரம். நெசமான மரம். வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து உங்கம்மாக்கு ஒரே கேள்வி. அவ்ளோ உசரத்துல அதுக்கு யாரு தண்ணி ஊத்துறா? பாலோ எஸ்டேட்ல சின்னப் புள்ளயிலேயே செம்பனை நாத்துக்குத் தண்ணி தூக்குனவ இல்ல? வரைஞ்சவன் சும்மா வரைஞ்சிருப்பான்னு நான் சொல்வேன். சண்டைக்கு வருவா. ஒருநாள் அதையே யோசிச்சிக்கிட்டு நாப்பது டின்னுக்குத் தலைகீழா ஒட்டிட்டா."

பெரியம்மாவே சிரித்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"போன்ல பாத்திருக்கலாமே" என்றாள் ஷர்மினி.

"மரம் இருக்கான்னு பாத்தோம். இருக்கு. தண்ணி விஷயத்தையும் தேடுறேன்னேன். வேணாம்டி, நேர்ல போய்க் கேப்போம்னுட்டா. கேள்விய இங்கிலீஷ்ல எழுதிகூட வச்சிருந்தா. சூப்பர்வைசர் எழுதிக் குடுத்தான்."

"என்கிட்ட கேட்டிருக்கலாம்."

ஆன்ட்டி பெட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீ சிரிப்பேன்னுட்டா."

தலைமாட்டில் அப்பா மணியம் உட்கார்ந்திருந்தார். மடியில் பிளாஸ்டிக் ஃபைல்; உள்ளே அம்மாவின் ஐசி அடையாள அட்டை, இறப்புப் பத்திரம், பாஸ்போர்ட். நேற்றிலிருந்து அதைக் கீழே வைக்கவில்லை. இப்போது பாஸ்போர்ட்டை எடுத்து விரித்தார். அதற்குள் நான்காக மடித்த ஒரு காகிதம். அதை மட்டும் ஷர்மினியிடம் நீட்டினார்.

"நானும் கேக்கல" என்றார்.

மூன்று மணிக்கு வண்டி வந்தது. ஆண்கள் போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவத் தொடங்கினார்கள். ஷர்மினி தலைக்குக் குளித்துவிட்டு வந்தபோது மணி நாலு இருபது. வாசலில் பெரியம்மா தண்ணீர்க் குழாயோடு நின்றாள்.

"வெளிய கால் வைக்காத. பதினாறுக்கு மக எங்கன்னு கேட்டா நாங்க என்ன சொல்றது?"

"அம்மா கேக்கச் சொன்னத கேக்கப் போயிருக்கான்னு சொல்லுங்க."

"அவ எங்கடி சொன்னா?"

ஷர்மினி காகிதத்தை விரித்துக் காட்டினாள். மேலே வேறொருவர் கையெழுத்தில் வணக்கமும், ஒரே ஒரு கேள்வியும். அதற்குக் கீழே, பதில் எழுதிக்கொள்ள ஸ்கேல் வைத்துப் போட்ட நான்கு கோடுகள். அம்மா போட்டவை, கடைசிக் கோடு கொஞ்சம் வளைந்திருந்தது.

பெரியம்மா குழாயை ஒரு பக்கமாகத் திருப்பிப் பிடித்தாள்.

ஷர்மினி செருப்பை மாட்டினாள். அவளுடைய பாஸ்போர்ட் கைப்பையில் இருந்தது. கூந்தலிலிருந்து சொட்டும் நீர் படாதபடி காகிதத்தைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கேட்டைத் திறந்து, டூர் கடை இருந்த கடைவரிசைப் பக்கம் நடந்தாள்.