உல்ரிக் கழற்றிய வீடு

கூரை வைக்கோலை உருவி முடித்து ஆட்கள் கைமரங்களில் கைவைத்தபோதுதான், உல்ரிக் சும்மா மிரட்டவில்லை என்பது கேஷேவுக்கு உறைத்தது. அவள் கணவன் ஹார்ம் செத்துப்போய் ஒரு அறுவடைதான் ஆகியிருந்தது. உல்ரிக் அவனுடைய தம்பி, அதே வீட்டில் வளர்ந்து இன்னும் அங்கேயே இருப்பவன். அண்ணன் நிலத்தையும் அண்ணியையும் ஒன்றாகவே கேட்டான். அவள் முடியாது என்றாள். அதற்குத்தான் இந்தக் கூத்து.

நிலத்தையும் மாடுகளையும் ஹார்ம் அவள் பேருக்கு விட்டுப்போயிருந்தான். வீடு அப்படியில்லை. அந்தப் புதர்க்காட்டுச் சீமையில் நெருப்பு தின்னக்கூடியது எல்லாமே தூக்கிப்போகிற சொத்துதான். பானை சட்டிக்கு என்ன கணக்கோ, ஓக் மரத்து வீட்டுக்கும் அதே கணக்கு. மரம் வெட்டியது உல்ரிக்கின் அப்பன், ஹார்முக்குப் பிள்ளை கிடையாது, ஆகவே மரச்சட்டம் முழுக்க உல்ரிக்குக்கு என்று ஊர் கூடித் தீர்ப்புச் சொன்னது. சொன்ன வாயோடு கழற்றவும் வந்தது. வீட்டை நிறுத்துவதும் இறக்குவதும் அங்கே ஊரார் வேலை. கூலி கிடையாது, சாப்பாடு உண்டு.

சாப்பாடு போட வேண்டியவள் வீட்டுக்காரி. தன் தலைக்கு மேலிருந்த வீட்டைப் பிடுங்குகிறவர்களுக்கு அவளே பார்லிக் கஞ்சி காய்ச்சி, பீர் ஊற்றிக் கொடுத்தாள். வெட்கங்கெட்டவர்கள், இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். அடுப்புக்கு மேல் உத்தரத்தில் புகைக்குத் தொங்கிய பன்றித் தொடைகளையாவது இறக்கித் தரும்படி உல்ரிக்கிடம் கேட்டாள்.

"எட்டினா எடுத்துக்கோங்க அண்ணி," என்றான் மேலே உட்கார்ந்தபடி. ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

பக்கத்துப் பண்ணைக்காரர் லூடர் சிரிக்கவில்லை. கல்யாணத்தன்று அவளைப் புதுப்பெண்ணாக அடுப்பைச் சுற்றி நடத்திவந்தவர் அவர்தான். கேஷே அவரிடம் போய், மாடு கட்டுகிற பக்கத்தையாவது பனிக்காலம் கழியும்வரை விட்டுவைக்கச் சொல்லிக் கெஞ்சினாள். லூடர் அவள் முகத்தைப் பார்க்காமல் தூணிலிருந்த மர ஆணியைத் தட்டி வெளியே தள்ளினார்.

"அவன் கேட்டப்பவே சரின்னு சொல்லியிருந்தா இந்தப் பாடு உண்டாம்மா?" என்றார்.

மதியத்துக்குள் களிமண் சுவர்கள் சரிந்து குவியலாகிவிட்டன. தூண்களும் உத்தரங்களும், எது எங்கே பொருந்தும் என்று வெட்டிவைத்த குறிகளின் வரிசைப்படி வண்டிகளில் ஏறின. தொழுவம் போனது தெரியாமல் மாடுகள் பழைய இடத்திலேயே நின்று அசைபோட்டன. நடுவில் தரையில் கல் பதித்த அடுப்பு மட்டும் மிச்சம். புகைபோக்கி என்பதே இல்லாத வீடு அது. வைக்கோலுக்குள் தடவித்தடவி வெளியேறிய புகை இப்போது நேராக வானத்துக்குப் போனது.

அப்போதுதான் உல்ரிக் ஒரு மூடி போட்ட இரும்புச் சட்டியோடு வந்தான். ஓடைக்கு அந்தப் பக்கம் மனை தயார், கட்டிக்கொள்ள மாவுமில்காரர் மகள் தயார். உறைபனிக்கு முன்னால் வீடு நின்றாக வேண்டும். ஆனால் பழைய வீட்டின் தணலைப் புது மனையில் முதலில் வைக்காமல் ஒரு தூணைக்கூட அந்த ஊரில் யாரும் நிறுத்த மாட்டார்கள். புத்தியுள்ளவன் கூரையைத் தொடுமுன் தணலை அள்ளியிருப்பான். காலையில் லூடர் அதைச் சொல்லவும் சொன்னார். அண்ணி அழுவதைப் பார்க்கும் அவசரத்தில், அது எங்கே ஓடிவிடப்போகிறது என்று கேட்டானாம் இந்தப் புத்திசாலி.

"கொஞ்சம் தணல் போடுங்க அண்ணி. உங்க கையாலேயே போடுங்க."

"மரம் உங்கப்பா வெட்டினது. சரி. தினமும் சாம்பல் போட்டு மூடி, விடியக்காலம் ஊதி எழுப்பினது யாரு?"

"யாரா இருந்தா என்ன? நெருப்பு வீட்டோடது."

"எந்த வீடு?" என்றாள் கேஷே. மாட்டுக்கு வைத்திருந்த தண்ணீர் வாளியைத் தூக்கி அடுப்பில் கவிழ்த்தாள்.

ஆவி எழுந்து அடங்கியது. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து அணையாத தீ அது. லூடர் சாவு வீட்டில் செய்வதுபோலத் தொப்பியைக் கழற்றினார். பிறகு ஆட்கள், ஏற்றிய மரங்களைப் பாதை ஓரத்திலேயே தள்ளிவிட்டு வண்டிகளைத் திருப்பினார்கள். தீ செத்த வீட்டை நிறுத்த அந்த ஊரில் யார் கையும் நீளாது. உல்ரிக் பின்னாலேயே ஓடி, பீர் தருகிறேன், கன்று தருகிறேன் என்றெல்லாம் கத்தினான். திரும்பி வந்து மண்டியிட்டு ஈரச் சாம்பலை வெறும் கையால் கிளறினான். ஒரு பொறிகூட இல்லை. அழுதான். ஹார்ம் போன பிறகு கேஷேவுக்கு மனசு குளிர்ந்தது அன்றைக்குத்தான்.

கடைசி வண்டியில் ஏறிய லூடர் அவளைப் பார்த்தார்.

"உனக்கும் கிடையாதும்மா. தீ செத்த வீட்டாளுங்க யாரையும் எங்க அடுப்புக்கிட்ட சேக்க மாட்டோம். தணலும் தர மாட்டோம்."

"தெரியும்," என்றாள் கேஷே. வாளியைத் தூக்கும்போதே அவளுக்குத் தெரியும்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. கேஷே இரண்டு மாடுகளைப் படுக்கவைத்து நடுவில் ஒண்டிக்கொண்டாள். மாட்டின் விலாச்சூடு முதுகுக்கு இதமாக இருந்தது. மரக்குவியலுக்குக் கீழே நுழையப் பார்த்துத் தோற்ற உல்ரிக், பல் கிடுகிடுக்க எதிரே வந்து நின்றான். அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்துகொள்ளலாமா என்று கேட்டான்.

கேஷே அவனை நன்றாகப் பார்த்தாள். உதடெல்லாம் நீலம் பாரித்திருந்தது.

"மாடு என்னுது," என்றாள்.