மணிக்கும் சங்குக்கும் நடுவே

தை மாதப் பனிமூட்டத்தில் அனலைதீவுக்கு வள்ளம் விடுகிறவனுக்குக் கண் உதவாது, காதுதான் உதவும். துறைக்குப் போகும் வாய்க்காலின் இரு பக்கமும் முருகைக்கல் பாறை. இடது கரையில் மாதா கோயில் மணி, வலது கரையில் பிள்ளையார் கோயில் சங்கு. இரண்டும் ஒரே அளவாகக் கேட்டால் வள்ளம் நடுவில் போகிறது. ஒன்று மெலிந்தால் அந்தப் பக்கமாகத் திருப்பவேண்டும்.

மணியடிக்கும் அருளப்புவின் மாடு, சங்கூதும் வேலாயுதரின் தோட்டத்தை மேய்ந்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. ஒருவரை ஒருவர் அமுக்கப் பார்த்ததில் இரண்டு சத்தமும் எப்போதும் சரிசமம். அந்தப் பகையை ஊரே குறைசொன்னது, நான் சொன்னதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் ஆண்டு தையில் ஒருநாள் மணி முனகியது, சங்கு காதைக் கிழித்தது. வலப்பக்கம் ஒதுங்கிவிட்டேன் என்று எண்ணி இடப்பக்கம் திருப்பினேன். வள்ளம் கல்லில் ஏறி உட்கார்ந்தது. என்னோடு வந்த நேசம்மாவின் கோழிக்கூடை கடலில் விழுந்தது.

இடுப்பளவு தண்ணீரில் அருளப்புவும் வேலாயுதரும் சேர்ந்தே வந்தார்கள்.

“நேற்றுப் பகையை விட்டு ராசியாகிட்டம், தம்பி,” என்றார் அருளப்பு. “இவரின்ரை சங்கு நல்லாக் கேக்கட்டும் எண்டு மெல்ல அடிச்சனான்.”

“இவருக்குக் கை ஏலாதாக்கும் எண்டு நான் இவரின்ரை பங்கையும் சேர்த்து ஊதினனான்,” என்றார் வேலாயுதர்.

நேசம்மா சேலைத் தலைப்பைப் பிழிந்தபடி அருளப்புவைப் பார்த்தாள்.

“அந்த மாடு இன்னும் உயிரோடை நிக்குதோ?”

“ஓம்.”

“போய் அவிட்டு விடுங்கோ.”