அப்பா பெயர் இல்லாத பயோடேட்டா

அக்காவின் பயோடேட்டாவில் முதலில் வெட்டுப்பட்டது அப்பாவின் பெயர்.

வெட்டியவர் ஏசி அண்ணன். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் அலுவலகம் வைத்திருந்தார். மருந்துக் கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. தெருவில் அந்த அறையில் மட்டும்தான் ஏசி ஓடும் என்பதால் அவருக்கு அப்படியொரு பெயர். வேலை தேடாதவர்கள்கூட வெயில் நேரத்தில் எதையாவது விசாரிக்கிற சாக்கில் மாடியேறி வந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

"தகப்பனார் பேரு, மதம், கல்யாணம் ஆச்சா, உயரம், எடை... என்னம்மா இது? பொண்ணு பாக்க வர்றவங்களுக்குக் குடுக்கிற பேப்பரா?" என்று கேட்டுக்கொண்டே சிவப்புப் பேனாவால் வரிசையாகக் கோடு போட்டார். "அங்க இதையெல்லாம் கேக்கவே மாட்டாங்க. நாமளா எழுதுனா, இவ எதுக்கு இதைச் சொல்றான்னு முழிப்பாங்க."

கடைசி வரிக்கு வந்தார். மேலே சொன்னவை அனைத்தும் உண்மை என்று உறுதி கூறும் வரி. அதன்மேலும் கோடு விழுந்தது.

"அது உண்மைதானே அண்ணா?" என்றாள் அக்கா.

"உண்மைதான்மா. உண்மைன்னு எழுதுனாத்தான் சந்தேகம் வரும்."

நான் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். டைப் செய்வது என் வேலை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் என்றாலும் இங்கிலீஷ் எழுத்து கைக்கு வரும்; வாய்க்குத்தான் வராது. தமிழே வெளி ஆட்கள் முன்னால் வராது.

அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ்களுக்கு உதவியாளராக இருந்தவள். ஏசி அண்ணன் மறுபடி மேலே போய் அந்த வரியைப் பார்த்து முகம் மலர்ந்தார். அடுத்த வரியில் பேனா நின்றது.

"சரி, அதுக்கப்புறம் நாலு வருஷம் என்ன பண்ணீங்க?"

"வீட்ல இருந்தேன்."

"வீட்ல சும்மாவா?"

"சும்மாதான்" என்று அக்கா சிரித்தாள்.

அந்தச் சும்மா என்னவென்று எனக்குத் தெரியும். அப்பா பஸ் டிரைவர். நான்கு வருடத்துக்கு முன் ஒரு காலையில் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. அக்கா வேலை பார்த்த ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தோம். அங்கிருந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த அக்கா திரும்ப வேலைக்குப் போகவில்லை. அம்மா துணி தைக்கிற கம்பெனிக்குக் காலையில் போனால் இருட்டும்போதுதான் வருவாள். அப்பாவைக் குளிப்பாட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது, உட்கார வைப்பது, திட்டு வாங்குவது எல்லாம் அக்காதான்.

"இவ்வளவு பெரிய ஓட்டையை வச்சுக்கிட்டு அனுப்ப முடியாதும்மா" என்றார் ஏசி அண்ணன். "என் ஃப்ரெண்டு ஒருத்தன் கிளினிக் வச்சிருக்கான். அங்க இருந்ததாப் போட்டுடலாம்."

"அங்க எத்தனை பெட்டு, டாக்டர் யாருன்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்வேன்? என் மூஞ்சியே காட்டிக் குடுத்துடும் அண்ணா."

"அப்ப யோசிச்சுக்கிட்டு வாங்க. ஆனா சீக்கிரம். முப்பத்தஞ்சு தாண்டினா, நான் உங்களுக்குப் பாத்து வச்சிருக்கிற முதியோர் இல்லத்துல எடுக்க மாட்டாங்க. உங்களுக்கு இதான் கடைசி வாய்ப்பு."

கிளம்பும்போது அந்த இல்லத்தின் விளம்பரத்தை அச்செடுத்து என் கையில் கொடுத்தார். "அவங்க என்ன வார்த்தையில கேட்டிருக்காங்களோ, அதே வார்த்தையில பதில் இருக்கணும். சொந்தமா அழகா எழுதுறேன்னு கிளம்பிடாத."

அன்று சாயங்காலம் அப்பாவின் கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, புரியாத வார்த்தைகளுக்குப் போனில் அர்த்தம் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு வரியாக வாசித்தேன். அக்கா துணி மடித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"நடக்க முடியாதவரைப் பாதுகாப்பா இடம் மாத்தத் தெரியணும்."

"தெரியும். அடுத்து?"

"சாப்பாடும் மருந்தும் நேரத்துக்குக் குடுக்கணும்."

"சர்க்கரை போடாத டீயைச் சாப்பாட்டுக் கணக்குல எழுதாத" என்றார் அப்பா கட்டிலில் இருந்து.

"கோபப்படுற முதியவர்களைப் பொறுமையாச் சமாளிக்கணும்."

அக்கா மடித்த துணியை முகத்தில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை.

"யாருடி கோபக்காரன்?" அப்பாவின் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும்.

"இந்தா, சாட்சியும் கிடைச்சாச்சு" என்றாள் அக்கா.

அந்தச் சிரிப்பில்தான் எனக்குத் தைரியம் வந்தது. "அக்கா, அந்த நாலு வருஷத்தையே அப்படியே எழுதினா என்ன? கிளினிக்கெல்லாம் எதுக்கு?"

எழுதினேன். நான்கு ஆண்டுகள், வீட்டில், முழுநேரப் பராமரிப்பு, பக்கவாதம் வந்த அப்பா என்று தலைப்பு; பக்கத்தில் அவர் பெயர். அதன் கீழே அக்கா தினமும் செய்கிறவற்றை விளம்பரத்தின் வார்த்தைகளிலேயே வைத்தேன். விளம்பரத்தில் கேட்காத ஒன்றே ஒன்றை மட்டும் அக்கா கடைசியில் சேர்க்கச் சொன்னாள்: படுக்கைப் புண் இதுவரை வந்ததில்லை.

மறுநாள் ஏசி அண்ணன் படித்துவிட்டுத் தாடையைச் சொறிந்தார். "வேலையாட்டம்தான் இருக்கு. ஆனா நோயாளி பேரைப் போடக் கூடாது. ஒரு முதியவர், அறுபத்தெட்டு வயசுன்னு போடு, போதும். அப்பான்னும் வேண்டாம். பெத்தவனைப் பாத்துக்கிட்டதை எவன் வேலைன்னு ஒத்துக்குவான்? கேட்டா மறைக்காதீங்க. கேக்காமச் சொல்லாதீங்க."

வீட்டுக்கு வந்ததும், திருத்தி எழுதிய பேப்பரை அப்பா வாசிக்கச் சொன்னார். முழுக்கக் கேட்டார்.

"என் பேரு எங்க?"

"இதுல போடக் கூடாதாம்பா."

"பின்ன எதுல போடுவாங்க? சாவு நோட்டீஸ்லயா?"

நான் பேப்பரை மடித்தேன்.

"ஒரு முதியவர்னு படிச்சியே, அது யாரு?"

அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அக்கா வெளிநாடு போவதைப் பற்றி அவர் அதுவரை சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வேலையிலிருந்து வந்த அம்மா பையைக்கூட இறக்கி வைக்காமல் கேட்டாள்.

"ஏங்க, பெரியவ உங்க வாயைத்தான் பாத்துக்கிட்டு நிக்கிறா. போன்னாவது இருன்னாவது சொல்லுங்களேன்."

"பேரில்லாதவன் என்னத்தைச் சொல்ல?"

"ஆமா, பேரு வாங்கத்தான் இவர் படுத்துக் கிடக்கிறாரு" என்று அம்மா உள்ளே போனாள்.

சில நாட்களில் அந்த இல்லத்திலிருந்து பதில் வந்தது. வீடியோவில் பேட்டி. முடிந்தால் அந்த முதியவரிடமும் இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம். அவருக்காக நம் பாஷை தெரிந்த ஒருவரை உடன் வைத்துக்கொள்வார்களாம். ஏசி அண்ணன் போன் செய்தார். "ஐயாவுக்குச் சொல்லிக் குடுத்து வைங்க. நல்லதா நாலு வார்த்தை போதும்."

அப்பாவுக்குச் சொல்லிக் கொடுக்க எங்கள் வீட்டில் யாருக்கு நெஞ்சுரம் இருக்கிறது? அக்கா அவருக்குச் சவரம் செய்துவிட்டாள், துவைத்த சட்டையைப் போட்டுவிட்டாள். அத்தோடு விட்டுவிட்டாள்.

பேட்டியன்று அம்மா வேலைக்குப் போயிருந்தாள். போனைப் பிடிக்கும் பொறுப்பு எனக்கு. திரையில் நரைத்த முடியோடு ஒரு பெண்மணி. அந்த இல்லத்தின் தலைமை நர்ஸ். பக்கத்தில் அங்கே வேலை செய்கிற நம் பாஷைக்காரப் பெண். அக்கா தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நிறுத்தி நிறுத்திப் பேசினாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். பிறகு போனை அப்பா பக்கம் திருப்பச் சொன்னார்கள்.

"ஐயா, இவங்க உங்களை எப்படிப் பாத்துக்கிறாங்க?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"பாத்துக்கிறாளா? இவ போலீஸ்காரிம்மா" என்று ஆரம்பித்தார் அப்பா. அவருக்கு வார்த்தை மெதுவாகத்தான் வரும், ஆனால் தெளிவாக வரும். "ரெண்டு மணி நேரம் ஒரு பக்கமா நிம்மதியாப் படுக்க விடமாட்டா. தூங்குறவனை எழுப்பி அந்தப் பக்கம் திரும்புங்கன்னு சொல்வா. டீல சர்க்கரை கிடையாது. இடது கை நல்லாத்தானே இருக்கு, நீங்களே சாப்பிடுங்கன்னு தட்டை வச்சிட்டுப் போயிடுவா. பாதி கீழே சிந்தும். ஊட்டி விடுடீன்னாலும் விட மாட்டா. பெத்த அப்பனாச்சேன்னு கொஞ்சமாவது இரக்கம் வேண்டாம்?"

மொழிபெயர்த்துக்கொண்டே சிரித்த அந்தப் பெண்ணின் சிரிப்பு நின்றது. "அப்பாவா? நீங்க இவங்க அப்பாவா?"

"பின்ன? பேப்பர்ல போடலேன்னா அப்பன் இல்லேன்னு ஆயிடுமா?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். நான் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

அங்கே இருவரும் தங்களுக்குள் பேசினார்கள். தலைமை நர்ஸின் முகத்தில் நல்லதும் தெரியவில்லை, கெட்டதும் தெரியவில்லை.

"அக்கா" என்றாள் அந்தப் பெண், குரலைத் தாழ்த்தி. "வீட்டு ஆளைப் பாத்துக்கிட்டதை அனுபவமா எடுத்துக்கிறது இங்க வழக்கமில்லன்னு மேடம் சொல்றாங்க."

அக்கா தலையாட்டினாள். அவள் அதை எதிர்பார்த்தே இருந்தாள் போல.

"ஆனா ஒண்ணு கேக்குறாங்க. ஐயாவுக்குச் சம்மதம்னா, அவர் முதுகைக் கொஞ்சம் பாக்கலாமா? குதிகாலையும்."

எனக்கு விளங்கவில்லை. அக்காவுக்கு உடனே விளங்கியது. வருடக்கணக்கில் படுத்திருப்பவர்களுக்கு முதுகிலும் இடுப்பிலும் குதிகாலிலும்தான் புண் வரும். பார்த்துக்கொள்கிறவர் ஒரு வாரம் அசந்தாலும் போதும், வந்துவிடும். பேப்பரில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். தோலில் எழுத முடியாது.

ஆனால் அப்பா காட்ட மாட்டார். பஸ் ஓட்டிய காலத்தில் எந்த வெயிலிலும் சட்டையின் கழுத்துப் பட்டனைக் கழற்றாதவர். படுத்த பிறகு, பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தால்கூடப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிடச் சொல்வார். அவர் முதுகை நானே பார்த்ததில்லை. அக்கா அவரைத் திருப்பும்போதும் துடைக்கும்போதும் என்னை வெளியே அனுப்பிவிடுவார்.

"வேணாம்பா. முடியாதுன்னு சொல்லிடுறேன்" என்றாள் அக்கா.

அப்பா அவளைப் பார்த்தார். முடியாது என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அக்கா எங்கேயும் போக மாட்டாள். அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

"அந்தம்மா யாரு?" என்று போனைப் பார்த்துக் கேட்டார்.

"தலைமை நர்ஸ் ஐயா. ரொம்ப வருஷமா இதே வேலைதான்."

"அப்ப ஊர்ப்பட்ட முதுகு பாத்திருப்பாங்க." இடது கையால் போர்வையைத் தள்ளினார். பிறகு, "திருப்புடா பெரியவளே" என்றார்.

அக்கா கட்டிலருகே வந்தாள். "திருப்பப் போறேன்பா. வலது கையைத் தூக்கி நெஞ்சு மேல வைக்கிறேன். முழங்காலை மடக்குறேன். இப்போ." தொடுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் சொன்னாள். பேட்டிக்காகச் சொல்லவில்லை, தினமும் கதவுக்கு வெளியே நின்று நான் கேட்கிற அதே வார்த்தைகள். அப்பாவின் பெரிய உடம்பு சத்தமில்லாமல் புரண்டது. சட்டையை ஏற்றிவிட்டு அக்கா ஒதுங்கி நின்றாள்.

நான் போனைக் கிட்டே கொண்டுபோனேன். வெயிலே படாத வெளுத்த முதுகு. எலும்பு தெரிந்தது. ஒரு மச்சம் இருந்தது. வேறு ஒன்றுமே இல்லை. இடுப்பைக் காட்டச் சொன்னார்கள், குதிகாலைக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையை நெருங்கிப் பார்த்த தலைமை நர்ஸ் ஏதோ கேட்டார்.

"எத்தனை வருஷம்னு மறுபடி கேக்குறாங்க."

"நாலு வருஷம்." அக்கா வாயைத் திறப்பதற்குள் தலையணைக்குள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது. "ஒரு நாள் லீவு போட்டதில்ல. எழுதிக்கச் சொல்லு."

அந்தப் பெண் மொழிபெயர்த்தாள். பிறகு தயங்கினாள். "ஐயா, இது நானாக் கேக்குறேன். இவங்க இங்க வந்துட்டா உங்களை யாரு பாத்துக்குவா?"

அப்பாவின் முகம் சுவர்ப் பக்கம் இருந்தது; எங்களுக்குத் தெரியவில்லை.

"அது எங்க வீட்டுப் பாடும்மா. நீ இவளைப் பத்தி மட்டும் கேளு."

வேலைக்கான கடிதத்தை ஏசி அண்ணனே எடுத்துக்கொண்டு வந்தார். அவர் வெயிலில் நடந்து நாங்கள் பார்த்ததே இல்லை. வாசலுக்கு வருவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. அக்கா நின்றபடியே படித்தாள். படித்து முடித்தும் அதே இடத்தில் நின்றாள்.

"என்னவாம்?" என்றார் அப்பா.

"வரச் சொல்லியிருக்காங்கப்பா."

"எப்போ?"

"அடுத்த மாசக் கடைசியில."

அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இன்னையிலேருந்து சின்னவ திருப்பட்டும்."

"அவ கையில என்ன வலு இருக்கு?" என்றாள் அம்மா. ஞாயிற்றுக்கிழமை என்பதால் வீட்டில் இருந்தாள்.

"இவளுக்கு மட்டும் முதல் நாளே இருந்துச்சா? ரெண்டு தடவை என்னைக் கீழே தள்ளத் தெரிஞ்சவதானே."

"ஒரு தடவைதான்பா" என்றாள் அக்கா.

நான் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு கட்டிலருகே போனேன். அக்கா உதவிக்கு வரக் கூடாது என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றாள். ஏசி அண்ணன் விவரமாக வாசலுக்குப் போய்விட்டார்.

"திருப்பப் போறேன்பா" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லு. நீ தொடுறது எனக்கு முன்கூட்டித் தெரிய வேணாமா?"

"திருப்பப் போறேன்பா. வலது கையை நெஞ்சு மேல வைக்கிறேன்."

பாதி தூரம் புரண்ட அப்பா பழையபடி மல்லாந்துவிட்டார். கதவோரத்தில் அக்காவின் வளையல் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன், இந்த முறை இன்னும் உரக்க. கையை வைத்தேன், முழங்காலை மடக்கினேன், இப்போ என்றேன். அப்பா புரண்டார்.

"கை ஜில்லுனு இருக்கு" என்றார், சுவரைப் பார்த்தபடி.