ஏரம்பு தொண்டர் படையில் இருந்ததற்குச் சாட்சி

வல்வெட்டித்துறை ஏரம்பு மீசை அரும்புகிற வயதிலேயே காங்கேசன்துறைப் பக்கம் இருந்த தொண்டர் கடற்படையில் சேர்ந்தவன். சனி ஞாயிறுகளில் பயிற்சி, வருடத்துக்கு ஒருமுறை முகாம், மற்ற நாட்களில் தகப்பனின் வள்ளம். கலியாணம் முடிந்த பிறகு நிரந்தரக் கடற்படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அங்கே மாறினான். மாறின பிறகுதான் சிக்கல் தொடங்கியது.

அவனுடைய மனைவி பத்மாசினியின் தம்பி செல்வரட்ணம் அதே முகாமில் அவனுக்கு முன்பே சேர்ந்திருந்தான். தொண்டர் படையில் கழித்த காலம் கணக்கில் ஏறாதபடியால், பதிவின்படி செல்வரட்ணம் மூத்தவன், ஏரம்பு இளையவன். வீட்டில் அத்தானைக் கண்டால் எழும்பி நிற்கிற பொடியன், முகாம் படகில் சுக்கானைப் பிடித்துக்கொண்டு பின்னுக்கு இருப்பான். அத்தான் தண்டு வலிப்பார். விசையாக வலிக்கும்படி மச்சான் கட்டளையிடும்போதெல்லாம் மற்றவர்கள் கடலைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார்கள். ஒருநாள் அந்தப் படகு வல்வெட்டித்துறைக் கரையோரமாகப் போனது. மீன் வாங்க நின்ற சனம் முழுக்க அந்தக் காட்சியைக் கண்டது. அன்றோடு ஏரம்புவுக்கு நித்திரை போனது.

முகாமில் எழுதுவினைஞராக இருந்த கனிசியஸ் வழி சொன்னார். தொண்டர் சேவையைச் சேர்த்துக்கொள்ள விதி உண்டு. ஆனால் ஒரு மாரிப் புயலில் பழைய முகாமின் கூரை பறந்து பத்திரமெல்லாம் கூழாகிவிட்டது. ஆகையால் அந்தக் காலத்தில் ஏரம்புவுக்கு மேலே இருந்த ஒருவர் நேரில் வந்து, கட்டளை அதிகாரிக்கு முன்னால் சாட்சி சொல்ல வேண்டும்.

அப்படி உயிரோடு மிஞ்சியிருந்தவர் தொண்டைமானாற்று மார்க்கண்டு ஒருவர்தான். அவர் ஏரம்புவோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

காரணம் ஒரு கிடாய். கொழும்பிலிருந்து பெரிய துரை வருகிறார் என்று விருந்துக்கு வாங்கிய கிடாயைப் படகில் ஏற்றி வரும் பொறுப்பை மார்க்கண்டு ஏரம்புவிடம் கொடுத்திருந்தார். தொண்டைமானாற்று முகத்தடியில் ஏரம்பு சுருட்டுப் பற்றவைக்கக் கயிற்றை விட்டான். கிடாய் தண்ணீரில் குதித்து நீந்திக் கரையேறி, நேரே சந்நிதி முருகன் கோயில் வாசலில் போய் நின்றது. முருகனைத் தேடித் தானாக வந்த கிடாய் என்று அடியார்கள் அதற்கு விபூதி பூசி மாலையும் போட்டுவிட்டார்கள். மாலை போட்ட கிடாயை யார் வெட்டுவது? துரைக்குக் கத்தரிக்காய்க் கறியும் சோறும் கிடைத்தன. ஏரம்புவுக்கு முகாமின் பூட்டிய அறைக்குள் மறியல் கிடைத்தது. மார்க்கண்டுவின் சட்டைக் கையில் இருந்த பதவிப் பட்டி கழன்றது.

ஏரம்பு தொண்டைமானாற்றுக்குப் போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டான். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த மார்க்கண்டு நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"உன்ரை குரலைக் கேட்டாலே எனக்குக் கத்தரிக்காய் மணக்குது. போ."

அடுத்த வெள்ளிக்கிழமை சந்நிதிக்குப் போன பத்மாசினி திரும்பும் வழியில் அவரிடம் போனாள். கெஞ்சவில்லை. கணவன் செய்த பிழையை ஒன்றும் விடாமல் இப்போதைய முகாம் துரைக்கு முன்னால் வந்து சொல்லும்படிதான் கேட்டாள். பட்டி கழன்ற நாளிலிருந்து தன் பக்க நியாயத்தை ஒருவரும் கேட்கவில்லையே என்று பொருமிக்கொண்டிருந்த மனிதர், அந்தக் கிழமையே வருவதாக ஒத்துக்கொண்டார். மனம் இரங்கிவிட்டார் என்று நினைத்த ஏரம்பு, முகாம் வாசலில் அவருக்குச் சோடா உடைத்துக் கொடுத்தான். அவர் வாங்கிக் குடித்தார்.

அதிகாரி சிங்களவர். தமிழ் தெரியாது. கனிசியஸ் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க நின்றார். மார்க்கண்டு கொடுப்புக்குள் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து தொடங்கினார். ஏரம்புவின் சோம்பல், சுருட்டு, அவன் பரம்பரையில் ஒருத்தனுக்கும் கயிறு பிடிக்கத் தெரியாது என்பது எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னார். ஏரம்பு விறைப்பாக நின்று வியர்த்தான்.

கனிசியஸ் தொண்டையைச் செருமினார். சாட்சி இவரை மிகவும் நன்றாக நினைவில் வைத்திருக்கிறார் என்று மொழிபெயர்த்தார்.

கிடாயின் கதை வந்தபோது கனிசியஸால் சுருக்க முடியவில்லை. அதிகாரி இடைக்கிடை கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். முடிவில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இவனை மறியலில் போட்டது யார்?

"நான்தான்," என்றார் மார்க்கண்டு. "என்ரை கையாலைதான் பூட்டினனான். பூட்டின்ரை திறப்பும் என்னட்டைத்தான் இருந்தது."

படையில் இல்லாத ஒருவனைப் படையின் மறியலில் பூட்ட முடியாது, ஆகவே இவன் படையில் இருந்திருக்கிறான் என்று அதிகாரி தீர்ப்புச் சொன்னார். சேவைக்காலம் முழுவதும் சேரும். மறியலில் கிடந்த நாட்களை மட்டும் கழிக்க வேண்டும்.

கனிசியஸ் அதைத் தமிழில் சொன்னதும் மார்க்கண்டுவின் முகம் மாறியது. "நான் உவனைப் படையிலையிருந்து கலைக்கவெல்லோ வந்தனான்," என்றார். கனிசியஸ் அதை மொழிபெயர்க்கவில்லை. அதிகாரி எழுந்து வந்து மார்க்கண்டுவின் கையைக் குலுக்கி, அந்தப் பட்டியைக் கழற்றியது அநியாயம் என்று சொல்லி, அவருக்குச் சாப்பாடு கொடுக்கும்படி உத்தரவிட்டார். ஒரு துரையின் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு மார்க்கண்டுவுக்குக் கோபத்தைப் பிடித்து வைத்திருப்பது கஷ்டமாகிவிட்டது. பஸ் ஏறும்போது ஏரம்புவைப் பார்த்து, பெண்சாதி கெட்டிக்காரி என்று மட்டும் சொன்னார்.

அடுத்த கிழமை ஏரம்பு இறங்குதுறைக்குப் போனபோது, செல்வரட்ணம் முன்பே வந்து தண்டுப் பலகையில் குந்தியிருந்தான். ஏரம்பு போய்ச் சுக்கானைப் பிடித்தான். இந்த நாளுக்கென்று எத்தனையோ கட்டளைகளை மனத்துக்குள் அடுக்கி வைத்திருந்தான்.

செல்வரட்ணம்தான் முதலில் கதைத்தான். "உதிலை இருந்து உங்களை ஏவிப்போட்டு, பின்னேரம் அக்கா போடுற சோத்தைத் தின்னுறது எனக்குச் செமிக்கேல்லை, அத்தான்."

ஏரம்பு சட்டைப்பையில் இருந்த சீலைத் துண்டை எடுத்து அவனிடம் எறிந்தான்.

"கையிலை சீலை சுத்தியிட்டு வலி," என்றான். "முதல் கிழமை கொப்பளிக்கும்."