உப்புப் பார்ப்பதும் சாப்பாடுதான்

என் வீட்டுக்காரர் நாகூர் கனி காரைக்குடியில் கல்யாண பிரியாணி மாஸ்டர். பிரியாணி வேகும் பெரிய தேக்சாவைத் தூக்கித் தூக்கியே வயிற்றில் குடலிறக்கம் வந்தது. இரண்டு முறை ஆபரேஷன் செய்தும் தையல் விட்டுப்போனது. மூன்றாவது முறை மதுரை டாக்டர் சுபா முன்கூட்டியே கண்டிஷன் போட்டுவிட்டார். பீடி கூடாது, எடை குறைய வேண்டும், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஏழுக்கு வர வேண்டும். அதுவரை கத்தியைத் தொட மாட்டாராம். ரொம்பத் தள்ளிப்போனாலோ குடல் சிக்கி உயிருக்கே ஆபத்து.

இவரும் பீடியை விட்டார். மூச்சை இழுத்துப் பந்து தூக்கும் கருவியோடு தினமும் மல்லுக்கட்டினார். பிரஷருக்காக வீட்டில் உப்பைப் பாதியாகக் குறைத்தேன். இரண்டு பேருக்கு இரண்டு சமையலா செய்ய முடியும்? நானும் அதையே தின்றேன். எடை இறங்கியது, சர்க்கரை மட்டும் ஒன்பதை விட்டு நகரவில்லை.

டாக்டர் என்னைத்தான் முறைத்தார். அப்புறம்தான் இவர் வாயைத் திறந்தார். கல்யாண வீட்டில் பிரியாணி, தாளிச்சா, பிரெட் அல்வா என்று ஒவ்வொன்றிலும் ஒரு கை ருசி பார்ப்பாராம்.

"உப்புப் பாக்குறது சாப்பாட்டுல சேராதுல்ல டாக்டரம்மா?"

சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை எனக்கு.

கல்யாணமான புதிதில் அவர் சமைக்கும் இடத்துக்கு நானும் போவேன். புகைக்குள் நின்று உள்ளங்கையில் மசாலாவை ஒரு துளி விட்டு நக்கிவிட்டுக் கண்ணை மூடுவார். அவர் கண் திறக்கும்வரை ஆட்கள் அசைய மாட்டார்கள். பிறகு ஒரு பிடி உப்பு, அவ்வளவுதான். முப்பது வருடமாக யாரும் குறை சொன்னதில்லை. அந்த முகத்தைப் பார்க்கத்தான் போனேன், இப்போது சொல்வதில் என்ன வெட்கம். அவர் சட்டையில் நெய்யும் பீடியும் கலந்து வீசுமே, அந்த வாசத்தைக்கூட இப்போது மனசு தேடுகிறது.

அடுத்தது கண்டனூர்க் கல்யாணம். ருசி பார்ப்பதும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், உப்புப் பார்க்கும் வேலையை இவர் என்னிடம் கொடுத்தார். ருசித்தேன், சரி என்றேன். முதல் பந்தியிலேயே ஆளாளுக்கு உப்புக் கேட்டார்கள். மூன்று மாதமாக வீட்டுச் சப்பைச் சோறு தின்ற நாக்கு என்னை ஏமாற்றிவிட்டது.

பெண்ணைப் பெற்ற அத்தா வேகமாக வந்தார். "என்ன மாஸ்டர், இப்படிப் பண்ணிட்டீகளே."

நான் வாயெடுப்பதற்குள் இவர் முந்திக்கொண்டு, தப்பு தன்னுடையதுதான் என்று கைகட்டி நின்றார். அடுத்த தேக்சாவையாவது ஒரு வாய் பார்த்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"பேரு போனாப் போகட்டும், ஆரிபா. ஒனக்கு நான் இருக்கணும்ல."

மூன்று மாதம் கழித்துச் சர்க்கரை ஏழுக்கு வந்தது, டாக்டர் ஆபரேஷனுக்குத் தேதி குறித்தார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.